லூயிஜி கால்வானி

உங்கள் முழங்கையை மடக்கிப் பாருங்கள். மேற்கையின் முன்புறத் தசை திரண்டு எழும். தசைக்கு எலும்பைத் தள்ளத் தெரியாது. சுருங்கி இழுக்க மட்டுமே தெரியும். ஆதலால், கையை மடக்க முன்புறத் தசை, நீட்டப் பின்புறத் தசை என அவை இணையாக அமைந்துள்ளன. ஆனால், சுருங்க வேண்டும் என்னும் ஆணை தசைக்கு எவ்வாறு வந்து சேர்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் லூயிஜி கால்வானி.

கால்வானி 1737ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோனியா நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, அங்கேயே உடற்கூற்றியல் கற்பித்தார். தம் ஆசிரியரின் மகளான லூசியாவை மணந்தார். கல்வியிற் சிறந்த லூசியா, கணவரின் ஆய்வுகளுக்குத் துணைநின்றார்.

மூளையிலிருந்து ஏதோ ஒரு நுண்பொருள் நரம்புகளின் வழியே பாய்ந்து தசையை இயக்குகிறது என்பது அக்காலத்து மருத்துவர் பலரின் நம்பிக்கை. அப்பொருளைக் கண்ணால் கண்டவர் எவருமிலர்.

1780களில் ஒருநாள், தோலுரித்த தவளையின் கால்கள் கால்வானியின் மேசைமீது கிடந்தன. சற்றுத் தள்ளி, மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. உதவியாளர் ஒருவர் கத்திமுனையால் தவளையின் நரம்பைத் தொட்டார். அதே நொடியில் இயந்திரத்திலிருந்து தீப்பொறி பறந்தது. உயிரற்ற கால்கள் வெடுக்கெனத் துடித்தன!

தற்செயல் என்று கால்வானி அதை விட்டுவிடவில்லை. இடி மின்னலின்போது தவளைக் கால்களை வெளியே தொங்கவிட்டார். மின்னல் வெட்டியபோது அவை துடித்தன. பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியோடு சேர்த்தபோது, வானம் தெளிந்திருந்த நாளிலும் துடித்தன. அத்தனை தவளைகளையும் எண்ணினால் இன்று நமக்கு இரக்கமே மேலிடும். உடலுக்குள்ளேயே மின்சாரம் உண்டு, அதுவே தசையை இயக்குகிறது என்று 1791இல் இலத்தீன் மொழியில் எழுதி வெளியிட்டார். அந்நூல் வெளிவருமுன்பே லூசியா மறைந்துவிட்டார்.

பாவியா நகரப் பேராசிரியர் அலெசாண்ட்ரோ வோல்டா முதலில் அம்முடிவைப் பாராட்டினார், பின்னர் மறுத்தார். மின்சாரம் பிறப்பது இருவேறு உலோகங்கள் சேர்வதால்தான், தவளையால் அன்று என்றார். கால்வானி வாதத்தில் இறங்காமல் மேசைக்குத் திரும்பினார். உலோகம் எதுவுமின்றி, நரம்பைத் தசையோடு நேரே தொடச் செய்தார். அப்போதும் தசை சுருங்கியது.

இதற்கிடையே நெப்போலியனின் படைகள் இத்தாலிக்குள் புகுந்தன. புதிய ஆட்சிக்கு உண்மையாயிருப்பதாக ஆசிரியர்கள் உறுதிமொழி அளிக்க வேண்டும் என ஆணை பிறந்தது. தம் மனச்சான்றுக்கு அது ஒவ்வாது என்று கால்வானி மறுத்தார். பதவி போயிற்று, ஊதியமும் நின்றது. 1798 டிசம்பர் 4 அன்று அவர் காலமானார்.

1800இல் வோல்டா, இருவேறு உலோகத் தட்டுகளை அடுக்கி முதல் மின்கலத்தை அறிவித்தார். உலகம் அவர் பக்கம் சாய்ந்தது. உலோகங்களைப் பொறுத்தவரை வோல்டா கூறியது சரியே. உடலுக்குள் மின்சாரம் உண்டு என்பதில் கால்வானியும் சரியே. அது ஐயமற உறுதிப்படப் பல ஆண்டுகள் ஆயின.

தசை சுருங்கும் முறை 1954இல்தான் தெளிவாயிற்று. நரம்பின் மின்குறிப்பு தசையை அடைந்ததும், தசைநாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. அங்கே மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் அடுக்கடுக்காக உள்ளன. படகோட்டி துடுப்பை மீண்டும் மீண்டும் வலிப்பதுபோல, மயோசினின் சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல, தசை குறுகுகிறது. எலும்பு இழுபடுகிறது, கை மடங்குகிறது.

மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரை உங்கள் பள்ளி ஆய்வகத்தில் காணலாம். அப்பெயர் இவருடையதே. பொலோனியாவில் கால்வானி சதுக்கத்தில் அவருக்குச் சிலை உண்டு. கையிலுள்ள பலகையை அவர் குனிந்து நோக்குகிறார். அதன்மேல் இருப்பது ஒரு தவளை.