யானைக்கால் மருந்து தந்த சுப்பாராவ்

பாகான் டத்தோ தென்னந்தோட்டங்களில் வாழ்ந்த பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால், முழங்காலுக்குக் கீழே வீங்கிப்போன கால்களைப் பற்றிச் சொல்வார்கள். என் பாட்டியும் சொல்லியிருக்கிறார். நாம் யானைக்கால் என்கிறோம்; மலாய்க்காரர்கள் உந்துட் என்பார்கள். சதுப்பு நிலத்து நீர்ச்செடிகளின் வேரில் ஒட்டி வளரும் மன்சோனியா கொசு, புருஜியா மலாயி என்னும் நூல்புழுவை மனிதனுக்குள் கொண்டுவந்து விடுகிறது. நம் நாட்டின் பெயரையே தாங்கிய புழு! அதற்கெதிராக மலேசியாவில் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்ட மாத்திரை டையெத்தில்கார்பமசின். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்னையில் படித்தவர் என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் நாள் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. இராமகிருஷ்ண மடத்தில் துறவியாகிவிடலாம் என்றிருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைக் கூடத்திலும் கதராடை அணிந்தார். அறுவைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்நிலைச் சான்றிதழே கிடைத்தது. ஆங்கில மருத்துவத்தின் கதவு சாத்தப்பட்டதும், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

இதற்கிடையில் ஸ்புரூ என்னும் குடல் நோய் அவர் வீட்டுக்குள் புகுந்தது. சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்கள் இறந்தார்கள். அவருக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். அவர் வெப்பமண்டல நோய்களைப் பற்றிப் படிக்கப் புறப்பட்டது இந்த இழப்பினால்தான் என்று எண்ணுகிறேன். அறக்கட்டளை ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் கைகொடுக்க, 1920களின் தொடக்கத்தில் மனைவி சேஷகிரியை விட்டுவிட்டு பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். அதன்பின் தாய்நாடு திரும்பவேயில்லை. இந்தப் பிரிவில் சேஷகிரி பட்ட பாட்டை யாரும் விரிவாக எழுதாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார்; செலவுக்கு மருத்துவமனையில் கூலி வேலை செய்தார். சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிர்வேதியியல் படிக்கும் நண்பர்கள் அம்முறையை இருவர் பெயராலும் அறிவார்கள். தசைக்கு ஆற்றல் தரும் பொருள்களைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே கழிந்த எட்டு ஆண்டுகளில் அவர் குழு செய்ததைப் பட்டியலிட்டால் பக்கம் போதாது. ஸ்புரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாகத் தயாரித்தார்கள். சகோதரர்கள் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலில் பயன்பட்ட அமினோப்டெரினும் அங்கிருந்தே வந்தது.

இனி நம் மாத்திரைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களை நூல்புழு தாக்கியது. மருந்து தேடி, பருத்தி எலி என்னும் எலியினத்தில் நூல்புழுவை வளர்த்து, பைபரசின் வகைச் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1947இல் டையெத்தில்கார்பமசின் வெளிவந்தது. இரத்தத்தில் நீந்தும் இளம்புழுக்கள் சீக்கிரமே மறைந்துவிட்டன.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை. சோதனைக் குழாயில் அதை ஊற்றினால் புழுக்கள் சாவதில்லை. உடலுக்குள் மட்டும் சாகின்றன! 1950இல் பிராங்க் ஹாக்கிங் (இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தைதான்) குழுவினர் விடையின் ஒரு பகுதியைக் கண்டார்கள். மருந்து பட்ட இளம்புழுக்கள் ஈரலில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அங்குள்ள விழுங்கும் செல்கள் அவற்றைத் தின்றுவிடுகின்றன. மருந்து புழுவைக் காட்டிக்கொடுக்கிறது. கொல்வது நம் உடலின் எதிர்ப்புச் சக்தி.

நோயெதிர்ப்பியல் வகுப்பில் இதைப் படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. ஈரல்தானே ஹெபடைட்டிஸ் வைரஸ் குடியிருக்கும் இடமும்? புழுவும் வைரசும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும்? நூல்புழுவை விட்டு வேறொரு புழுவிடம் இதற்கு விடை கிடைக்கிறது. எகிப்தில் நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழுவையும் ஹெபடைட்டிஸ் சி வைரசையும் ஒருங்கே சுமந்தவர்களை 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆராய்ந்தார்கள். வைரசை எதிர்க்க வேண்டிய டி செல்கள் அவர்களிடம் பலவீனமாக இருந்தன. ஈரலும் விரைவாகத் தழும்பேறியது. நெடுநாள் தங்கும் புழுக்கள் உடலின் எதிர்ப்பைத் தமக்கு வசதியாகத் திருப்பிவிடுகின்றன. அதனால் வைரசுக்கு எதிரான படை மெலிகிறது.

அந்த நாட்டில் வைரஸ் பரவிய விதம் இன்னும் கொடுமை. 1980களின் தொடக்கம்வரை புழுவுக்கு மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகள் ஒருவரின் ஹெபடைட்டிஸை மற்றவருக்கு ஏற்றின. புழுவுக்குப் போன வைத்தியமே வைரசைக் கொண்டுவந்தது. சுப்பாராவின் மருந்தோ வாயால் விழுங்கும் மாத்திரை. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் யானைக்கால் ஒழிப்புக்காகப் பரிந்துரைத்த மூன்று மருந்துகளின் கூட்டிலும் அது இடம்பெற்றிருக்கிறது.