பிராஞ்ச் ரிக்கி

பிராஞ்ச் ரிக்கி (டிசம்பர் 20, 1881 – டிசம்பர் 9, 1965) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பேஸ்பால் (அடிபந்தாட்டம்) அணி நிர்வாகி ஆவார். ஒகையோ மாநிலத்தில் பிறந்த இவர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருந்தபோது, இளம் வீரர்களைத் துணை அணிகளில் வளர்த்தெடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். 1942 இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றார்.

1947 பயிற்சி முகாம்

முதன்மைக் கூட்டிணைவுகளில் கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத விதி அக்காலத்தில் நிலவியது. அதை மீறி, 1945 இல் ஜாக்கி ராபின்சனை மொன்றியால் துணை அணிக்கு ரிக்கி ஒப்பந்தம் செய்தார். 1946 இல் புளோரிடாவில் நடந்த இளவேனிற்காலப் பயிற்சியின்போது சில நகரங்கள் ராபின்சன் ஆடுவதைத் தடுத்தன. எனவே 1947 ஆம் ஆண்டு முகாம் கியூபாவின் அவானா நகரில் அமைக்கப்பட்டது.

பயிற்சி ஆட்டங்களில் ராபின்சனின் திறமையைக் கண்டால் டாட்ஜர்ஸ் வீரர்களே அவரைச் சேர்க்கக் கோருவர் என ரிக்கி எதிர்பார்த்தார். நடந்தது நேர்மாறானது. வீரர்கள் சிலர் எதிர்ப்பு மனு ஒன்றைத் தயாரித்தனர். மேலாளர் லியோ துரோச்சர் நள்ளிரவில் அவர்களைக் கூட்டிக் கண்டித்து அம்முயற்சியை முறியடித்தார். இரண்டாம் தளக் காப்பாளராக எடி ஸ்டாங்கி இருந்தமையால், ராபின்சன் தமக்குப் பழக்கமற்ற முதல் தளத்தில் பயிற்சி பெற வேண்டியிருந்தது. ஏப்ரல் 10 அன்று அவர் அணியில் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 15 அன்று களமிறங்கினார். அவ்வாண்டு தேசியக் கூட்டிணைவின் வாகையர் பட்டத்தை டாட்ஜர்ஸ் வென்றது.

ராபின்சனின் முந்தைய அணியான கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸுக்கு ரிக்கி இழப்பீடு எதுவும் வழங்கவில்லை. அவர்மீது கூறப்படும் குறைகளுள் இது நியாயமானதே. மறைவுக்குப் பின், 1967 இல் பேஸ்பால் புகழவையில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது.