மணற்கரைப் படகுகள்

ஹாலந்து நாட்டின் சுண்டர்ட் என்னும் சிற்றூரில், 1853-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வின்சென்ட் வான் கோ. 16-ஆம் வயதில் ஓவியம் விற்கும் நிலையம் ஒன்றில் பணிக்கு அமர்ந்தார். 1876-இல் அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்னர் இங்கிலாந்தில் ஆசிரியராகவும், புத்தகக் கடையில் எழுத்தராகவும் இருந்து பார்த்தார். சமயக் கல்வியைத் தொடங்கி இடையிலே விட்டார். பெல்ஜிய நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சமயப்பணி புரியச் சென்றவர், தம் உடைகளையும் அவ்வேழைகளுக்கே ஈந்து, குடிசையில் வைக்கோல்மீது படுத்தார். அவ்வெளிமை மேலோருக்குப் பிடிக்கவில்லை, அப்பணியும் நீடிக்கவில்லை.

1880-ஆம் ஆண்டில், 27-ஆம் வயதில், ஓவியமே தம் தொழில் எனத் துணிந்தார். அவரைத் தாங்கியவர், நான்காண்டு இளையவரான தம்பி தியோ. ஓவிய வணிகத்தில் தாம் ஈட்டிய ஊதியத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்கு அனுப்பி வந்தார். வண்ணமும் துணியும் அப்பணத்தில் வாங்கப்பட்டன; தீட்டிய ஓவியங்கள் தம்பியிடம் சென்றன. அவற்றை விலைகொடுத்து வாங்குவாரைக் காண்பது அரிதாயிருந்தது.

1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வின்சென்ட் பாரிஸ் நகரை விட்டுத் தென்பிரான்சிலுள்ள ஆர்ல் நகருக்குச் சென்றார். ஜப்பானிய அச்சுப்படங்களில் தாம் கண்டு மகிழ்ந்த தூய வண்ணங்களை அந்நாட்டு வெயிலில் காணலாம் என்பது அவர் எண்ணம். மே மாத இறுதியில், மத்தியதரைக் கடலோரத்துச் சேன்த் மாரி என்னும் மீனவர் ஊருக்குப் போய்ச் சில நாட்கள் தங்கினார். கடற்கரையிலேயே துணியை நிறுத்தி அலைகளைத் தீட்டினார். காற்று வாரி இறைத்த மணல் ஈரவண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த மணற்றுகள்களைப் பிற்கால ஆய்வாளர் அவ்வோவியத்தில் கண்டனர்.

சிவப்பும் பச்சையும் நீலமுமாக வண்ணம் பூசிய சிறு படகுகள் மணல்மேல் ஏற்றிவிடப்பட்டிருந்தன. அவர் கண்ணுக்கு அவை மலர்களைப்போலத் தோன்றின. ஆனால் படகுகள் ஓவியருக்காகக் காத்திருக்குமா? நாள்தோறும் விடியற்காலையிலேயே மீனவர் அவற்றைக் கடலுக்குள் செலுத்திச் சென்றுவிடுவர். வண்ணந்தீட்ட நேரமில்லை. ஆகவே, ஊர் திரும்பும் நாளன்று காலையில், பேனாவை எடுத்து ஒருமணி நேரத்தில் அவற்றை வரைந்து முடித்தார். மரச்சட்டத்தில் நூல் கட்டி, அதன் ஊடே நோக்கி அளவு பிடித்து வரைவது அவரது நெடுநாளைய வழக்கம். அன்று அச்சட்டத்தின் துணை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இதனைத் தம்பிக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். எட்டாண்டு உழைப்பின் பயன் அவ்வொருமணி நேரத்தில் வெளிப்பட்டது எனலாம்.

ஆர்ல் திரும்பியபின், அவ்வரைபடத்தைக் கொண்டு வண்ண ஓவியம் தீட்டினார். நிழலின்றிப் பரந்த வண்ணமும், அழுத்தமான எல்லைக்கோடுகளும் ஜப்பானியப் படங்களை நினைவூட்டுவன. ஒரு படகின் முகப்பில் அதன் பெயர் தெளிவாகத் தெரியும்படி எழுதப்பட்டுள்ளது. அது நட்பு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்.

அவ்வாண்டின் இறுதியில் மனநோய் அவரைப் பற்றியது. மருத்துவ விடுதியில் இருந்தபோதும் தூரிகையைக் கைவிடவில்லை. 1890-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், குண்டுக் காயத்தினால், 37-ஆம் வயதில், தம்பி அருகிருக்க உயிர் நீத்தார். ஆறு திங்களில் தியோவும் மறைந்தார். தியோவின் இளமனைவி யோகன்னா, கைக்குழந்தையோடு, விலைபோகாத அவ்வோவியங்களைப் பேணிக் காத்தார்; கண்காட்சிகள் நடத்தினார்; சகோதரர் கடிதங்களை 1914-இல் அச்சேற்றினார். 1973-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வான் கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மணற்கரைப் படகுகள் அங்கே உள்ளன.