காவிரிக் கரையின் கணீர்க் குரல்: கே. பி. சுந்தராம்பாள்

கொங்கு நாட்டில் காவிரிக் கரையில் அமைந்த கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். வறுமை அவரைச் சிறு வயதிலேயே பாட வைத்தது. பாட்டு அவரைக் கும்பகோணத்திற்கு, வேலு நாயரின் நாடகக் குழுவிற்கு அழைத்து வந்தது. ஒலிபெருக்கி வராத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் பாட்டு எட்டியாக வேண்டும். அதிலும் சொல் சிதையக் கூடாது. அந்தக் கடும் பயிற்சியில் விளைந்ததே அம்மையாரின் கணீரென்ற குரல்.

இலங்கை மேடைகளில் புகழ் பெற்றிருந்த அவர், 1926இல் அங்கேயே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கலானார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் விஞ்சிப் பாடுவதைக் கேட்க ஊர்கள் திரண்டன. முன்பே மணமானவரான கிட்டப்பா, 1927இல் இதே மாயவரத்தில் சுந்தராம்பாளை மணந்தார். பின்னர்ப் பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25.

அன்று வெண்ணிற ஆடை பூண்டவர், இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். நாயகி வேடத்தையே நம்பி வாழும் ஒரு நடிகைக்கு இது தொழிலைத் துறப்பதற்கு ஒப்பாகும். ஆனால் அம்மையார் தொழிலைத் துறக்கவில்லை, வேடத்தை மாற்றினார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். நாடே வியந்த தொகை அது.

அதன் பின்னர், துணை வேண்டாத பெண்களைத் தமிழ் இலக்கியமே அவருக்கு ஒவ்வொருவராக வழங்கியது. 1940இல் மணிமேகலை, 1953இல் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். நந்தனாருக்காக நந்தி விலகிய திருப்புன்கூரும், மணிமேகலை வளர்ந்த புகாரும், பேயுரு வேண்டிய புனிதவதியார் பிறந்த காரைக்காலும் மயிலாடுதுறைக்கு அண்மையில் உள்ளவையே. கொடுமுடியில் எழுந்த குரல், காவிரியுடன் நடந்து கடல்முகம் வரை வந்து சேர்ந்தது எனலாம்.

விடுதலை இயக்க மேடைகளில் பாடியவர், பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் பணியாற்றினார். 1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படத்திற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. 1980இல் அம்மையார் மறைந்தார்.

ஆறாண்டு மணவாழ்வு, நாற்பத்தேழு ஆண்டுத் தனிமை. அத்தனிமையை அவர் புலம்பலாக்கவில்லை. ஏட்டில் இருந்த ஔவைக்கும் அடியார்க்கும் குரலாக்கித் தந்தார். இன்றும் ஔவை என்றதும் தமிழர் நெஞ்சில் எழும் முகம் அவருடையதே.