காற்றில் விளக்கேற்றிய ஆசிரியர்

காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கியவர் நம் முன்னோர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நாம் மேல்காற்றைக் கச்சான் என்று வழங்குகின்றோம். வைகாசி முதலாக அது தரைவழியே வெம்மையுடன் வீசும். கார்த்திகை பிறந்ததும் வாடையும் கொண்டலும் மழையைச் சுமந்து கடல்வழியே புகும். கோணேசர் மலையில் நிற்பவன் ஆண்டு முழுவதிலும் ஏதேனும் ஒரு காற்றின் முகத்தில் நிற்பான்.

எத்திசைக் காற்று வீசினும் தன் முகத்தைத் திருப்பாது சுழலும் பொறியொன்றைச் சமைத்தவர் ஒருவர் ஸ்கொட்லாந்து தேசத்தில் வாழ்ந்தார். காற்றினால் ஆக்கிய மின்சாரத்தைக் கொண்டு குடியிருக்கும் இல்லமொன்றை முதன்முதல் ஒளிபெறச் செய்தவர் என அறிவுலகம் அவரைக் கொண்டாடும். ஜேம்ஸ் பிளைத் என்பது அவர் பெயர். அவர் செய்த தொழில் ஆசிரியத் தொழில். அத்தொழிலில் நரை கண்ட யான் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றேன்.

பிளைத் 1839 ஆம் ஆண்டில் மேரிகேர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வழிப்போக்கர் தங்கும் விடுதியொன்றை நடத்தியவர். சிறு நிலமொன்றும் பயிரிட்டு வந்தார். ஊர்ப் பள்ளியிற் பயின்ற மைந்தர், பின்னர் அயலிலுள்ள மொன்ட்ரோஸ் நகரிற் கற்று, உதவிச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்றார். 1861 இல் அங்குப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற அவர், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பள்ளிக்கூடங்களிற் கணிதம் கற்பித்தார். 1871 இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே இல்லறமும் ஏற்றார். இத்துணைக் காலம் கரும்பலகையின் முன் நின்ற பின்னரே, 1880 இல், கிளாஸ்கோ நகரத்து அண்டர்சன் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானப் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. உழைக்கும் மக்களும் கற்றல் வேண்டும் என்னும் நோக்குடன் எழுந்த கல்லூரி அது. பிற்காலத்து ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்திற்கு வித்தாக அமைந்ததும் அதுவே.

அக்காலம் நிலக்கரியின் காலம். கிளாஸ்கோ நகரின் ஆலைகளும் கப்பற் பட்டறைகளும் கரியை உண்டு புகையை உமிழ்ந்தன. மின்குமிழ் உலகிற்கு அறிமுகமாகிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. அதற்கு வேண்டிய மின்சாரத்தை நீராவிப் பொறியினாற் பெறுவதே பெருவழக்கு. பிளைத் அவர்களோ விலையின்றி வீசும் காற்றை நோக்கினார். பிரெஞ்சு நாட்டவரான போர் என்பவர் திருத்தியமைத்த மின்சேமிப்புக் கலங்கள் அப்போது கிடைத்தன. காற்று ஒரு கணம் வீசி மறுகணம் ஓயும் இயல்பினது. வீசும்போது சேமித்து ஓயும்போது செலவிட்டால் அக்குறை தீரும் என அவர் கண்டார்.

1887 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பிறந்த ஊராகிய மேரிகேர்க்கில் தாம் விடுமுறை கழிக்கும் சிறு வீட்டின் தோட்டத்திற் காற்றாடியொன்றை நிறுவினார். அதன் உயரம் முப்பத்து மூன்று அடி. கைகள் நான்கு, அவற்றிற் கட்டியவை துணிப்பாய்கள். காற்றாடி சுழல, அதனோடு பிணைத்த கயிறு தைனமோவைச் சுழற்றிற்று. பிறந்த மின்சாரம் கலங்களில் நிறைந்தது, வீட்டில் விளக்கெரிந்தது. போர்க்காலத்தில் மின்சாரமின்றிக் குப்பி விளக்கின் முன்னிருந்து நன்னூல் படித்த என்போன்றோருக்கு, அவ்வீட்டு மாந்தர் அன்றிரவு எய்திய மகிழ்ச்சியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தம் வீட்டுக்கு மிஞ்சிய மின்சாரத்தை ஊருக்கு ஈய விரும்பினார் பிளைத். ஊரின் பெருந்தெருவுக்கு விளக்கேற்றித் தருவதாகக் கூறினார். ஊரவர் ஏற்க மறுத்தனர். மின்சாரம் பேயின் வேலை என்றனர். அவர்களை இன்று நகைத்தல் எளிது, நகைத்தல் முறையன்று. நெய்யும் திரியும் தீயுமின்றி எரியும் ஒளியை அவர்கள் அதற்குமுன் கண்டறியார். அதனைக் கொணர்ந்தவர் தம் ஊரிற் பிறந்து தம் பள்ளியிற் படித்தவரே யாயினும் அச்சம் அகலவில்லை. அச்சம் அறிவினும் விரைந்து ஊருக்குட் புகும். புகுந்தபின் எளிதில் வெளியேறாது.

தெரு மறுத்த ஒளியை ஒரு மருத்துவமனை ஏற்றது. மொன்ட்ரோஸ் நகரத்து மனநோயாளர் விடுதிக்கு இடருற்ற வேளையில் உதவும் மின்சாரம் தரும்பொருட்டு, 1895 ஆம் ஆண்டளவில் மேவர் அன்ட் கோல்சன் என்னும் கிளாஸ்கோ நிறுவனத்தின் வாயிலாகத் திருத்திய காற்றாடி எழுந்தது. அதற்குமுன், 1891 இல், பிளைத் தமது பொறிக்கு உரிமைப் பட்டயமும் பெற்றிருந்தார்.

இத்திருத்திய வடிவமே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பழைய காற்றாலையின் அச்சுக் கிடையாகக் கிடக்கும். காற்றுத் திசை மாறுந்தோறும் அதன் முகத்தைத் திருப்புதல் வேண்டும். பிளைத் அச்சை நிலைக்குத்தாக நாட்டினார். துணிப்பாய்களை அகற்றி அரை உருளை வடிவான பெட்டிகளைக் கைகளிற் பொருத்தினார். அயர்லாந்தின் ரொபின்சன் என்பார் 1846 இல் அமைத்த காற்று வேகமானியின் கிண்ணங்களே இதற்கு முன்மாதிரி. குழிந்த பக்கத்திற் படும் காற்று வலிந்து தள்ளும். குவிந்த முதுகிற் படும் காற்று வழுக்கிச் செல்லும். அவ்வேறுபாட்டாற் பொறி சுழலும். வாடைக்கு ஒரு முகம், கச்சானுக்கு ஒரு முகம் என்று அதற்கு இல்லை.

நல்ல காற்றாடிக்கு மூன்று இலக்கணம் வகுத்தார் பிளைத். எந்நேரமும் இயங்க ஆயத்தமாயிருத்தல் ஒன்று. நெடுநாள் ஆள் பார்வையின்றி இயங்குதல் மற்றொன்று. கடும்புயலையும் தாங்கி அதன் வலிமையையும் பயன்கொள்ளுதல் மூன்றாவது. 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலின் கதையை மூத்தோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த திருகோணமலையார் இம்மூன்றாம் இலக்கணத்தின் அருமையை நன்கறிவர்.

1900 இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டமளித்தது. 1906 ஆம் ஆண்டு வைகாசியில் அவர் காலமானார். அவர் மறைந்த பின்னரும் மேரிகேர்க் வீட்டின் காற்றாடி சில ஆண்டுகள் சுழன்றது. கால்நூற்றாண்டு அது தொழிற்பட்டது என்பர். ஆயினும் கரி மலிந்த நாட்டிற் காற்றைத் தேடுவார் இல்லை. பிரித்தானியாவில் அம்முயற்சி மீண்டும் தலையெடுக்க 1951 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டென்மார்க்கில் மட்டும் போல் லா கூர் என்னும் மற்றோர் ஆசிரியர் 1891 முதல் அஸ்கோவ் மக்கட் பள்ளியிற் காற்றுமின் ஆய்வை வளர்த்தார். அங்கு மாணாக்கர் கற்றனர், கற்றவர் ஊர்தோறும் கொண்டு சென்றனர், நாடு ஏற்றது.

நிலைக்குத்து அச்சு முறையைப் பின்னர் பின்லாந்தின் சவோனியசும் பிரான்சின் டரியசும் 1920 களில் வேறு வேறு வகையில் வளர்த்தனர். இன்று நகரக் கட்டடங்களின் மேலும் தொழிற்சாலைக் கூரைகளின் மேலும் நாட்டப்படும் சிறு காற்றாடிகள் இவ்வழியில் வந்தவை. இவற்றைக் குறித்து மிகைபடக் கூறலாகாது. கிண்ண வகைப் பொறி காற்றினும் விரைந்து சுழலமாட்டாது. ஆதலின் அதன் விளைவு குறைவு. காற்றின் வேகம் பாதியானால் அதன் ஆற்றல் எட்டில் ஒன்றாகும். உயர்ந்த கட்டடங்கள் காற்றைச் சிதைத்து வேகம் குறைக்கும். மன்னாரில் 2020 இல் தொடங்கிய தம்பபவனி நிலையத்தின் முப்பது பெருங்காற்றாலைகளும் கிடையச்சு உடையனவே. திசை மாறிச் சுழிக்கும் காற்றுள்ள சிறு இடத்திற்குச் சிறு விளக்குத் தருவதே நிலைக்குத்துக் காற்றாடியின் தகுதி. அதுவும் சிறிதன்று. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடு இருண்டபோது, வெள்ளையர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளை அருகே வைத்துக்கொண்டு நாமும் இருளில் இருந்தோம். வெளியே காற்றுக்குக் குறைவில்லை.

பிளைத் அவர்களின் பொறியிற் குறையிருந்தது, பின்வந்தோர் திருத்தினர். மேரிகேர்க் தெருவை இருளில் வைத்தது அக்குறையன்று. புதியதொன்றை அஞ்சாது ஆராய்ந்து கொள்ளும் மனம் அங்கு அப்போது ஆயத்தமாகவில்லை. அம்மனத்தை ஆயத்தஞ் செய்வதே பள்ளிக்கூடத்தின் பணி. துறைமுக ஓரத்துப் பள்ளியொன்றின் மாடியில், மாணாக்கர் தம் கையாற் சமைத்த சிறு காற்றாடியொன்று கச்சானிற் சுழன்று ஒரு விளக்கை ஏற்றுமாயின், அவ்வொளி எத்தெருவினாலும் மறுக்கப்படாது.