சாம்பலுக்கு வந்த தீர்ப்பு

வால்டேர் என்றதும் நம் தோழர்களுக்கு நினைவு வருவது, பாதிரிமார்களைப் படாத பாடு படுத்திய பேனா. உண்மைதான். ஆனால் அதே பேனா, அவருடைய 67-ஆம் வயதிலே தொடங்கி மூன்றாண்டு காலம், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்காக ஓயாது உழைத்தது. அந்தக் கதையை இன்று பேசுவோம்.

1694-இல் பாரிசிலே பிறந்தவர். கேலிக் கவிதை எழுதியதற்காக 1717-இல் பாஸ்டில் சிறை, பதினோரு மாதம். பின்னர் பிரபு ஒருவன் ஆள் ஏவி அடித்தான். அடித்தவன் வீட்டுக்குப் போனான், அடிபட்டவர் மீண்டும் பாஸ்டிலுக்குப் போனார்! அங்கிருந்து இங்கிலாந்து. அந்நாட்டைப் புகழ்ந்து எழுதிய நூலை 1734-இல் பாரிசிலே கொளுத்தினார்கள். நாடகம், வரலாறு, அரசர்களோடு நட்பு, திரட்டிய பெரும் பணம் என்று விரித்தால் ஏடு கொள்ளாது. முதுமையிலே அவர் குடியிருந்தது பெர்னே என்ற சிற்றூர். பிரெஞ்சு மண், கூப்பிடு தூரத்திலே ஜினீவா எல்லை. விரட்டினால் தாண்டிவிடலாம் என்று பார்த்தே வாங்கினார். கெட்டிக்காரர்!

அந்நாளைய பிரான்சிலே கத்தோலிக்கராக இல்லாத கிறிஸ்தவனுக்குச் சட்டத்திலே இடமில்லை. புரோட்டஸ்டண்டுகளுக்கு 1598-இல் தந்த உரிமைச் சாசனத்தை, 1685-இல் பதினான்காம் லூயி கிழித்தெறிந்தான். அதன் பிறகு அவர்கள் கூடித் தொழுதால் குற்றம். அவர்களுடைய போதகர் அகப்பட்டால் தூக்கு. தொழுகைக்குப் போன ஆண்கள், கப்பலிலே சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் துடுப்பு வலிக்க வேண்டும். அவர்கள் முறைப்படி செய்துகொண்ட திருமணம் செல்லாது, பிறந்த பிள்ளை முறைகேடான பிள்ளை! இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டே ஓடினார்கள்.

ஓடாமல் துலூஸ் நகரிலே துணிக்கடை நடத்தியவர் ழான் காலாஸ். 1761 அக்டோபர் 13-ஆம் நாள் இரவு, அவருடைய மூத்த மகன் கடையிலே பிணமாகக் கிடந்தான். வழக்கறிஞராக விரும்பியவன். அதற்குக் கத்தோலிக்கன் என்ற சான்றிதழ் வேண்டும்; அது கிடைக்காமல் மனம் உடைந்திருந்தவன். தற்கொலை செய்தவனின் பிணத்தைத் தெருவிலே இழுத்துச் செல்வது அக்கால வழக்கம். அந்த இழிவுக்கு அஞ்சிய குடும்பத்தார், யாரோ கொன்றுவிட்டதாக முதலிலே சொன்னார்கள். பிறகு தூக்கிலே தொங்கியதை ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு பொய் போதுமானதாயிற்று. மகன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், தகப்பனே கொன்றுவிட்டான் என்று கூட்டத்திலே எவனோ கூவினான். ஊர் நம்பியது. அதிகாரி நம்பினான். செத்தவனைக் கத்தோலிக்கத் தியாகியாக்கி ஆடம்பரமாக அடக்கம் செய்தார்கள்.

பதின்மூன்று நீதிபதிகள், எட்டுப் பேர் சாவு என்றனர். 1762 மார்ச்சு 10-ஆம் நாள், 63 வயதுக் கிழவரின் கை கால் எலும்புகளை இரும்புத் தடியால் முறித்துச் சக்கரத்தின்மீது கிடத்தினார்கள். இரண்டு மணி நேரம்! கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். குற்றமற்றவன் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

செய்தி பெர்னேக்கு வந்தது. வால்டேர் உடனே பொங்கி எழுந்தாரா? இல்லை. மதவெறி பிடித்த தகப்பன் கொன்றிருந்தாலும் கொன்றிருப்பான் என்றுதான் முதலில் எண்ணினார். புரோட்டஸ்டண்டுகள்மீது அவருக்குக் காதல் ஒன்றுமில்லை. 1553-இல் ஜினீவாவிலே செர்வீட்டஸ் என்ற அறிஞரை உயிரோடு எரித்த கால்வினைச் சாடி எழுதியவர் அவர். இப்போது கதறுவதோ அதே கால்வினின் வழி வந்த குடும்பம்!

விசாரித்தார். தப்பி வந்திருந்த இளைய மகனை அழைத்து, துருவித் துருவிக் கேட்டார். துலூசுக்கும் மார்சேலுக்கும் கடிதம் எழுதினார். நெஞ்சு உறுதிப்பட்டது. பிறகு அவர் செய்த வேலை, இயக்கத்திலே உழைக்கும் நமக்கு நன்றாகப் புரியும். விதவையைப் பாரிசுக்கு அனுப்பி, வழக்கறிஞர்களை அமர்த்தினார். பணம் தந்தார், திரட்டவும் செய்தார். அமைச்சர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் மடல்மேல் மடல். துண்டு வெளியீடுகள் ஐரோப்பா முழுதும் பறந்தன. அவற்றிலே அழுகை குறைவு, கேள்வி அதிகம். தள்ளாத கிழவர் தனியாக ஒரு வாலிபனைத் தூக்கிலிட முடியுமா? முடியாதென்றால், அந்த இரவு வீட்டிலிருந்த அனைவரும் கொலைகாரர்கள். அப்படியானால் தகப்பனைக் கொன்றுவிட்டு, ஒரு மகனை நாடு கடத்தி, மற்றவர்களை விடுவித்தது என்ன நீதி? வீட்டு வேலைக்காரி கத்தோலிக்கப் பெண், அவளுமா உடந்தை? தீர்ப்புக்குக் காரணம் சொல்லக் கடமைப்படாத அந்த நீதிமன்றம், இதற்கு என்ன விடை சொல்லும்!

1763-இல் சகிப்புத்தன்மை பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1764 ஜூனிலே பழைய தீர்ப்பு தள்ளுபடி. 1765 மார்ச்சு 9-இல், சாவுத் தீர்ப்பு எழுதிய அதே தேதியிலே, நாற்பது நீதிபதிகள் ஒருமனதாகக் காலாஸ் குற்றமற்றவர் என்றனர். குடும்பத்துக்கு அரசன் 36,000 லிவர் கொடுத்தான். வழக்கைத் தொடங்கிவைத்த அதிகாரியின் பதவி பறிபோயிற்று. கிழவர் மட்டும் சாம்பல்.

அதற்குள் இன்னொரு குடும்பம் கதவைத் தட்டியது. சிர்வென் என்பவரின் பெண்ணைக் கன்னிமாடத்துக்குக் கொண்டுபோனார்கள். மனம் பேதலித்துத் திரும்பியவள் கிணற்றிலே பிணமானாள். தகப்பன் கொன்றான் என்று அதே பழி! குடும்பம் பனிமலை தாண்டிச் சுவிட்சர்லாந்துக்கு ஓடியது. அவர்களுக்காக வால்டேர் கையேந்தியபோது ருஷ்யாவின் காதரினும் பிரஷ்யாவின் பிரெடரிக்கும் பணம் அனுப்பினார்கள். பிற நாட்டு மன்னர்கள் கொடுத்தார்கள், சொந்த நாட்டு மன்றம் இழுத்தடித்தது, 1771-இல்தான் விடுதலை. ஒன்பதாண்டு விடவில்லை கிழவர்!

ஜினீவாவிலே உரிமை மறுக்கப்பட்ட கைவினைஞர்கள் 1770-இல் பெர்னேக்கு ஓடி வந்தார்கள். வீடு கட்டித் தந்து, கடிகாரத் தொழில் தொடங்கிவைத்து, கடிகாரங்களை விற்றும் கொடுத்தார் வால்டேர். கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டும் அடுத்தடுத்த வீட்டிலே வாழ்ந்தார்கள், சண்டையில்லை. யூதரைப்பற்றி அவர் எழுதியவற்றிலே வெறுப்பு உண்டு. அது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. அதை மறைத்துப் புகழ நாம் விரும்பவில்லை.

1778 மே 30-இல் பாரிசிலே மறைந்தார். அடக்கம் செய்ய இடமில்லை என்றனர் பாரிசின் பாதிரிகள். உயிருள்ளவரைப்போல் வண்டியிலே உட்கார வைத்து, இரவோடு இரவாக வெளியூர் மடமொன்றுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 1787-இல் புரோட்டஸ்டண்டுகளின் திருமணமும் பிறப்பும் சட்டப்படி பதிவாயின. 1791 ஜூலையிலே, புரட்சி செய்த பாரிஸ் அவருடைய உடலைத் தேசியப் பெரியார்களின் மண்டபத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் சென்றது. அந்த வண்டியிலே பொறித்திருந்த பெயர்களுள் காலாஸ், சிர்வென் என்ற இரண்டும் இருந்தன.