தந்தையின் கண்ணீர்

மகனைப் பள்ளியில் சேர்க்க வரும் தந்தையர் பலர், கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுமாறு நம்மிடம் கூறிச் செல்வதுண்டு. தோட்டப்புறத்தில் இது பழைய வழக்கம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிதில், நாமும் அச்சொல்லை ஓர் அனுமதிச் சீட்டாகவே எண்ணிப் பிரம்பைக் கையில் எடுத்தோம். ஆண்டுகள் பல கழிந்தபின் அண்ணல் காந்தியடிகளின் வரலாற்றை ஊன்றிப் படித்தபொழுது, அவருடைய அரசியல் வெற்றிகளைக் காட்டிலும், அவர் எவ்வாறு வளர்ந்தார், பிள்ளைகளை எவ்வாறு வளர்த்தார் என்பதே நம் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது. அதனையே மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் இங்குக் கூற விழைகின்றோம்.

மோகன்தாஸ் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், குஜராத்தின் கடற்கரை நகராகிய போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி போர்பந்தரிலும் பின்னர் ராஜ்கோட்டிலும் திவானாகப் பணிபுரிந்தவர். அன்னை புத்லிபாய் கடுமையான விரதங்களை மேற்கொள்பவர். மழைக்காலத்தில் ஒருமுறை, கதிரவனைக் காணாமல் உணவு உட்கொள்வதில்லை என்று நோன்பு பூண்டிருந்தார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்திருப்பர். கதிரவன் தலைகாட்டியதும் அன்னையிடம் ஓடுவர். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். அன்னையோ முகம் வாடாமல் அடுக்களைப் பணிக்குத் திரும்பிவிடுவார். இவ்வாறு, சொன்ன சொல்லைக் காப்பது எப்படி என்பதை அப்பிள்ளைகள் கண்ணாரக் கண்டு கற்றனர்.

மோகன்தாஸ் குற்றமே அறியாத பிள்ளையாக வளர்ந்தார் என்று எண்ணிவிடலாகாது. புகை பிடிப்பதற்காக வேலைக்காரரின் சில்லறைக் காசுகளைத் திருடினார். வீட்டாருக்குத் தெரியாமல் புலால் உண்டார். பதினைந்தாம் வயதில், தமையனார் ஒருவர் பட்டிருந்த ஏறத்தாழ 25 ரூபாய்க் கடனைத் தீர்ப்பதற்காக, அவருடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனத்தின் சுமை தீரவில்லை. வாய்விட்டுச் சொல்லத் துணிவின்றி, குற்றத்தைத் தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுப் பலகைப் படுக்கையில் கிடந்த தந்தையிடம் நீட்டினார். கரம்சந்த் எழுந்து அமர்ந்து படித்தார். அவர் கண்களினின்று வழிந்த நீர் அத்தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்தார். பிறகு தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சுடுசொல் இல்லை. ஓர் அடி இல்லை. கரம்சந்த் சினம் மிகுந்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அடி விழும் என்று எதிர்பார்த்து நின்ற மகனை அந்தக் கண்ணீரே திருத்தியது. 1885ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார்.

1888ஆம் ஆண்டில் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விரும்பிய மகனை அனுப்பத் தாயார் அஞ்சினார். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று ஒரு சமணத் துறவியின் முன்னிலையில் சூளுரைத்த பின்னரே விடை கொடுத்தார். குளிர் நாட்டில் நண்பர்கள் எவ்வளவோ வற்புறுத்தியும் அவ்வாக்கு பிறழவில்லை. அவர் 1891இல் தாயகம் திரும்பியபொழுது, அன்னை உயிருடன் இல்லை.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், 1910இல் ஜொகனஸ்பர்க் நகருக்கு அருகே, நண்பர் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அறப்போரில் சிறை புகுந்தோரின் குடும்பங்கள் அங்குத் தங்கின. தமிழர் குடும்பங்களும் அவற்றுள் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அண்ணலே ஆசிரியரானார். கப்பற்பயணத்திலும் சிறையிலும், போப்பையர் எழுதிய தமிழ்க் கையேட்டின் துணைகொண்டு தாம் கற்றிருந்த சிறிதளவு தமிழை அக்குழந்தைகளுக்குக் கற்பித்தார் என்பது நமக்கெல்லாம் இனிக்கும் செய்தி. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் மாணவரைச் செய்யச் சொல்லலாகாது என்பது அப்பண்ணையின் விதி. குழி வெட்டுவதாயினும், மரம் அறுப்பதாயினும், செருப்புத் தைப்பதாயினும் ஆசிரியரும் உடன் நின்றனர்.

அங்கே பொய் பேசியும் சண்டையிட்டும் திரிந்த, பதினேழு வயதுள்ள முரட்டு மாணவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன் வரம்பு மீறவே, பொறுமையிழந்த காந்தியடிகள் அருகிலிருந்த அடிக்கோலால் அவன் கையில் அடித்தார். அடிக்கும்பொழுது அவருடைய உடலே நடுங்கியது. அண்ணலைத் திருப்பித் தாக்கும் உடல் வலிமை அம்மாணவனுக்கு இருந்தது. எனினும் அவன் அழுது மன்னிப்புக் கேட்டான். தன்னை அடித்தவர் பட்ட வேதனையே அவனை அழவைத்தது என்று காந்தியடிகள் கருதினார். அதன்பின் அவர் எந்த மாணவனையும் அடித்ததில்லை. அந்த ஓர் அடிக்காகவும் நெடுங்காலம் வருந்தினார்.

நாம் எத்தனை அடிக்காக வருந்துவது? முன்னொரு நாள், சக மாணவனின் காசைத் திருடிய சிறுவன் ஒருவனைச் சபைகூடலில் அனைவர் முன்னிலையிலும் அடித்தோம். மறுநாள் அவன் வரவில்லை. பின்னர் தந்தையுடன் பால்மரக் காட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டான். அவன் குடியிருந்த லயத்துக்குச் சென்று, அந்தக் காசு எதற்காகத் தேவைப்பட்டது என்று நாம் ஒருமுறையேனும் கேட்கவில்லை.

இவ்வளவு பெரியவரும் ஒரு பிள்ளையிடம் தோற்றார் என்பதையும் மறைக்காது கூறுதல் வேண்டும். மூத்த மகன் ஹரிலால் 1888இல் பிறந்தார். தந்தை இங்கிலாந்துக்குக் கப்பலேறியபொழுது அவர் கைக்குழந்தை. இளமையில் பல ஆண்டுகள் தந்தையைப் பிரிந்தே வளர்ந்தார். பின்னர் தென்னாப்பிரிக்க அறப்போரில் பலமுறை சிறை சென்று, மக்களால் சின்ன காந்தி என்றே அழைக்கப்பட்டார். தந்தையைப் போலத் தாமும் கடல் கடந்து சட்டம் பயில வேண்டும் என்பது அவருடைய ஆசை. முறையான பள்ளிக் கல்வியில் நம்பிக்கை இழந்திருந்த தந்தை அதற்கு இசையவில்லை. கிடைத்த உதவித்தொகையும் பிறருக்கே சென்றது. 1911இல் ஹரிலால் தந்தையைப் பிரிந்தார். 1918இல் மனைவியையும் இழந்தார். குடிப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. ஊரார் பிள்ளைகளோடு நாள் முழுதும் குழி வெட்டிய தந்தைக்கு, சொந்த மகனின் மனக்குறையை அமர்ந்து கேட்கப் பொழுது வாய்க்கவில்லையோ என்று நமக்குத் தோன்றுகிறது. தம் புதல்வர்களுக்குத் தம்மீது குறை உண்டு என்பதைக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிற்காலத்தில் தந்தையும் மகனும் சிலமுறை சந்தித்தனர். பிணக்கு முற்றிலும் தீரவேயில்லை. 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுடப்பட்டு மாண்டார். அதே ஆண்டு சூன் மாதத்தில், நோயுற்று நலிந்த ஹரிலால் பம்பாயில் காலமானார். இரு மரணங்களுக்கும் இடையே ஐந்து மாதங்கள்கூட இல்லை.